கூடத்துக் கருமரச் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

பொங்கல் நெருங்கும்போது கடைக்கும் வீட்டுக்கும் வெள்ளையடிப்பது நம் வணிகர் குடும்பங்களில் வழிவழியாக வரும் பழக்கம். சுவருக்கு என்ன நிறம் என்பதோடு அந்தப் பேச்சு முன்பெல்லாம் முடிந்துவிடும். இப்போது பல வீடுகளில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. கூடத்தில் கிடக்கும் பழைய கறுத்த மரச்சாமான்களை என்ன செய்வது? அப்பா காலத்துத் தேக்குப் பெஞ்சு, கண்ணாடி வைத்த பீரோ, சாய்வு நாற்காலி, டீப்பாய், ஊஞ்சல் பலகை எல்லாம் வீட்டை இருட்டாகக் காட்டுகின்றன, வெள்ளையோ சந்தன நிறமோ அடித்துவிட்டால் கூடம் புதுசாகிவிடும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பெரியவர்களோ தேக்குக்குப் பெயிண்ட் அடிப்பதா என்று முகம் சுளிக்கிறார்கள்.

வணிகர் சங்க இதழில் இதை எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். நம் வீட்டுக் கூடம் குடும்பத்தார் உட்காரும் இடம் மட்டுமல்ல. வெளியூரிலிருந்து வரும் கமிஷன் ஏஜெண்டும், பருப்பு மண்டிக்காரரும், சம்பந்தம் பேச வருகிறவர்களும் முதலில் உட்காருவது அந்தப் பெஞ்சில்தான். மேலும் இது கையிருப்புச் சரக்கைப் பற்றிய முடிவு. சரக்கின் தரம் தெரியாமல் அதில் கைவைக்கக் கூடாது என்பது நாம் கடையில் தினமும் பின்பற்றும் விதி. வீட்டுக்குள் வந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லும் எண்ணம் நமக்கு இல்லை. எதையெல்லாம் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் சரக்கை அறிவோம்

கறுப்பாக இருப்பதெல்லாம் நல்ல மரம் அல்ல. தேக்கு, ஈட்டி என்கிற தோதகத்தி, பலா, மகோகனி ஆகியவை காலப்போக்கில் கறுத்து ஒன்றுபோலத் தோன்றும். பலா அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். ஆண்டுகள் போகப் போகச் செம்பழுப்பாக மாறிவிடும். மா, வேம்பு, வாகை மரங்களுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பாக்கியிருப்பார்கள். அண்மைக் காலத்தில் கடையில் வாங்கிய சோபாவும் சாப்பாட்டு மேசையும் பெரும்பாலும் ரப்பர் மரத்திலோ, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையிலோ கறுப்புச் சாயம் ஏற்றியவை. மேலே மட்டும் நல்ல மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டியவையும் உண்டு.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழிகள் உண்டு. சாமானைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள், மரத்தின் உண்மையான நிறமும் ரேகையும் தெரியும். பலகையின் மேற்பரப்பில் ஓடும் ரேகை அதன் ஓரத்திலும் தொடர்ந்து இறங்குகிறதா என்று பாருங்கள். தொடர்ந்தால் முழு மரம். மேலே ஒரு ரேகையும் ஓரத்தில் வேறு ஒன்றும் இருந்தால் ஒட்டிய தகடு. பீரோவின் இழுப்பறையை வெளியே எடுத்து அதன் பின்பலகையையும் அடிப்பலகையையும் பார்க்க வேண்டும். முகப்பு மட்டும் தேக்கும் உள்ளே வேறு மரமுமாகச் செய்வது அந்தக் காலத்திலும் உண்டு.

எடையும் ஒரு சாட்சி. தராசோடு வாழும் நமக்கு இது கைவந்த கலை. நன்றாகக் காய்ந்த தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ இருக்கும். ஈட்டி அதைவிடக் கனம், சுமார் 24 கிலோ. ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனமுள்ள பெஞ்சுப் பலகையைக் கணக்கிட்டால் ஒன்றேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். மூன்றங்குலச் சதுரத்தில் ஒன்றரை அடி உயரமுள்ள நான்கு கால்களையும் சேர்த்தால் மொத்தம் ஒன்றரை கன அடி. அது முழுத் தேக்காக இருந்தால் 27 கிலோவை ஒட்டி நிற்க வேண்டும். இந்தக் கன அடிக் கணக்கை உங்கள் ஊர் மர வாடியில் கேட்கும் இன்றைய விலையோடு பெருக்கிப் பாருங்கள். வீட்டில் எவ்வளவு முதல் முடங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அந்தத் தொகையைத் தெரிந்துகொண்ட பிறகு பெயிண்ட் டப்பாவைத் திறப்பதா வேண்டாமா என்று பேசுவது நல்லது.

பர்மாத் தேக்கு என்றால் இன்னும் ஒரு கணம் யோசிக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைகளும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கால் ஆனவை என்பதை நாம் அறிவோம். 1941-42இல் போர் வந்து நம்மவர்கள் அங்கிருந்து திரும்பிய பிறகு அந்த வரத்து பழையபடி இல்லை. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் அரசு அறுக்காத மரக்கட்டைகளை ஏற்றுமதி செய்வதற்கே தடை விதித்தது. ஈட்டி வகை மரங்களும் 2017 ஜனவரி 2 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் மொத்தமாகச் சேர்க்கப்பட்டன. வரத்து சுருங்கிய சரக்கின் பழைய இருப்பு எப்படிப்பட்டது என்பதை வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு, நாம் மூலையில் தள்ளிவைக்கும் சாமான்களை வெளியூர்க்காரர்கள் எப்படித் தேடி வருகிறார்கள் என்பது தெரியும்.

கறுப்பு மரத்தினுடையதா, பாலிஷினுடையதா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. அறுத்த புதிதில் தேக்கு பொன்னிறமாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும். ஆனால் கரிக்கட்டை போல ஆகாது. நம் கூடத்துச் சாமான்கள் அவ்வளவு கறுத்துப் போனதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்குத் தீபாவளி அழுக்கைத் துடைக்காமல் அதன் மேலேயே பூசிய வார்னிஷ்தான். அதோடு விளக்குப் புகை, சாம்பிராணிப் புகை, தலை சாய்ந்த இடத்து எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு தோல் போலப் படிந்திருக்கும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கண்ணில் படாத இடத்தில், உதாரணமாகக் காலின் உட்புறத்தில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஒட்டி, இடம் பிசுபிசுத்தால் அது அவலரக்கைக் கரைத்துப் போட்ட பழைய ஸ்பிரிட் பாலிஷ். அதை எளிதாகக் கரைத்து எடுத்துவிடலாம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் அது லாக்கர் வகை. இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷோ, பிற்காலத்துப் பாலியூரித்தேன் பூச்சோ இருக்கலாம். அதை உரித்தெடுக்க வேலை அதிகம் பிடிக்கும். சோதனை செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் விளக்கோ அடுப்போ வேண்டாம்.

பழைய பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைகிறது என்று தெரிந்தால் உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்தது. அனுபவமுள்ள பாலிஷ்காரர் ஒருவரைக் கொண்டு பழைய பூச்சைக் கரைத்து எடுத்து, உப்புத்தாள் போட்டு, சாயம் சேர்க்காத வெளிர் பாலிஷ் போடச் சொல்லுங்கள். கறுத்த பெஞ்சு தேன் நிறத்தில் வெளிப்படும். இருட்டு என்று பிள்ளைகள் சொன்ன குறை அங்கேயே பெருமளவு குறைந்துவிடும். பெரியவர்களுக்கும் மரம் மரமாகவே இருக்கும்.

இருட்டுக்குக் காரணம் எது?

கூடம் இருட்டாக இருப்பதற்கு மரச்சாமானை மட்டும் குற்றவாளியாக்கக் கூடாது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். கறுத்த மரம் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் அனுப்பும். இதிலிருந்து மரம்தான் காரணம் என்று தோன்றும். ஆனால் கூடத்தில் பெஞ்சும் பீரோவும் பிடித்துக்கொள்ளும் பரப்பு எவ்வளவு, நான்கு சுவரும் கூரையும் சேர்ந்த பரப்பு எவ்வளவு என்று அளந்து பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் பத்தடி உயரமுள்ள கூடத்தில் சுவர்கள் மட்டும் 440 சதுர அடி, கூரை 120 சதுர அடி. ஒரு பெஞ்சின் மேல்பரப்பு ஒன்பது சதுர அடி. பச்சையும் நீலமுமாக இருக்கும் சுவரை வெளிர் நிறமாக்கிக் கூரைக்கு வெள்ளை அடித்தால் கிடைக்கும் வெளிச்சம், பெஞ்சுக்குப் பெயிண்ட் அடித்துக் கிடைக்கப் போவதில்லை.

அடுத்தது சாமான்களின் இடம். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆறடி பீரோவை நிறுத்திவிட்டு வெளிச்சம் வரவில்லை என்று வருந்துகிற வீடுகள் உண்டு. அதை எதிர்ச் சுவருக்குத் தள்ளினால் செலவில்லாமல் காரியம் முடியும். கனத்த திரைச்சீலையை மாற்றுவது, விளக்கின் இடத்தை மாற்றுவது, பெஞ்சின் மேல் வெளிர் நிறத்தில் மெத்தை விரிப்பது எல்லாம் திரும்பப் பெறக்கூடிய மாற்றங்கள். பிடிக்காவிட்டால் மறுநாளே பழையபடி ஆக்கலாம். ஆகவே திரும்பப் பெறக்கூடியவற்றை எல்லாம் முதலில் செய்து பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் மனம் ஒப்பாவிட்டால் பெயிண்டைப் பற்றிப் பேசலாம்.

பெயிண்ட் அடித்தால் மரத்தில் நடப்பது என்ன?

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்த் தன்மை உண்டு. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் சீக்கிரம் தொடாததற்கு மரத்தில் ஊறியிருக்கும் இத்தகைய பொருள்களே காரணம். ஆனால் அதே எண்ணெய்த் தன்மை பெயிண்ட்டைச் சரியாக ஒட்டவிடாது. சரியான முன்வேலை இல்லாமல் அடித்த பெயிண்ட் ஓரிரு ஆண்டுகளில் ஓரங்களில் செதில் செதிலாக உரியும். தினமும் உட்கார்ந்து எழும் பெஞ்சிலும் கை வைக்கும் நாற்காலிப் பிடியிலும் இது முதலில் தெரியும்.

இரண்டாவது, கறை. கருமரங்களில் உள்ள சாயப் பொருள்கள் வெள்ளைப் பெயிண்ட்டின் ஊடே மஞ்சளாகவும் பழுப்பாகவும் கசிந்து வரும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் மறுபடி வெளியே வரும். அதைத் தடுக்க அரக்கு அடிப்படையிலான பிரைமரைக் கொண்டு முதலில் மரத்தை மூட வேண்டும். இதைச் செய்யாமல் கூலியை மிச்சப்படுத்துகிற வேலைக்காரர்கள் உண்டு.

மூன்றாவது, மஞ்சள் ஏறுதல். எண்ணெய் வகை வெள்ளை எனாமல் வெளிச்சம் குறைந்த அறையில் சீக்கிரம் மஞ்சளாகும் தன்மை உடையது. எந்த இருட்டைப் போக்க வெள்ளை அடிக்கிறோமோ அந்த இருட்டே வெள்ளையைக் கெடுத்துவிடுகிறது. தண்ணீரில் கலக்கும் எனாமல் வகைகளில் இந்தக் குறை குறைவு.

நான்காவதுதான் மிக முக்கியம். தேக்கு மரத்தின் நுண்துளைகள் பெரியவை. பெயிண்ட் அந்தத் துளைகளுக்குள் இறங்கி இறுகிவிடும். பின்னாளில் மனம் மாறி உரிக்கச் சொன்னால், மேல்பரப்பு மரநிறமாக வந்தாலும் ரேகைகளுக்குள் வெள்ளைக் கோடுகள் தங்கிவிடும். அதை எடுக்க மரத்தையே இழைக்க வேண்டும். கடைசல் வேலை, பூவேலை உள்ள கால்களில் இழைப்புளி போகாது. மெல்லிய தகடு ஒட்டிய சாமானில் இழைத்தால் தகடே போய்விடும்.

நமது பெஞ்சின் மொத்தப் பரப்பு சுமார் 26 சதுர அடி. இரண்டு கோட் அடிக்க அரை லிட்டர் எனாமல் போதும். செலவு அவ்வளவு குறைவாக இருப்பதால்தான் பலர் யோசிக்காமல் இறங்கிவிடுகிறார்கள். அடிக்கும் செலவோடு, ஒருவேளை உரிக்க வேண்டி வந்தால் ஆகும் கூலியையும் சேர்த்துக் கணக்கெழுதிப் பார்க்க வேண்டும். விற்க நேர்ந்தால் பழைய சாமான் வாங்குகிறவர் பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே உளுப்பை மறைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகத்தோடுதான் விலை பேசுவார். பூசி மறைத்த சரக்குக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்பது நமக்குத் தெரியாததல்ல.

ஒரு குடும்பத்தில் நடந்தது

நாம் அறிந்த மளிகை வணிகக் குடும்பம் ஒன்றில் இந்தப் பிரச்சினை பெரிதாகவே கிளம்பியது. அண்ணன் தம்பிகள் மூவர். கடைகளும் நிலமும் பாகமாகிவிட்டன. பூர்வீக வீடு நடுத்தம்பி பங்குக்கு வந்தது. கூடத்தில் இருந்த பெஞ்சு, பீரோ, ஊஞ்சல் பலகை ஆகியவற்றை யாருக்கு என்று எழுதாமல் பொதுவில் விட்டுவிட்டார்கள். எண்பது வயதைத் தாண்டிய தாயார் அந்த வீட்டில் இருந்ததால் அப்போது யாருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை.

நடுத்தம்பியின் மருமகள் வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை செய்கிறவர். பகலெல்லாம் கூடத்தில்தான் இருக்க வேண்டும். கண் வலிக்கிறது, சாமான்களுக்கு வெள்ளை அடித்துவிடலாம் என்றார். கணவரும் சரி என்று பெயிண்டரை வரச் சொல்லிவிட்டார். செய்தி மூத்தவர் காதுக்குப் போனது. "அப்பா உட்கார்ந்த பெஞ்சுக்கு என்னைக் கேட்காமல் பெயிண்டா?" என்று அவர் தொலைபேசியில் சத்தம் போட, இவர் "வீடு என்னுடையது" என்று சொல்ல, பாகப்பிரிவினையின்போதுகூட வராத வார்த்தைகள் வந்துவிட்டன. நான்கு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. கொள்முதலைச் சேர்ந்து செய்தால் லாரி வாடகை மிச்சமாகும் என்று பாகமான பிறகும் ஒன்றாக வாங்கி வந்தவர்கள், தனித்தனியாக லாரி பிடிக்கத் தொடங்கினார்கள். ஒரு பெஞ்சால் வந்த நஷ்டம் அது.

கடைசியில் தாயார்தான் குடும்பத் தச்சரை வரவழைத்தார். அவர் இழுப்பறைகளைக் கழற்றிப் பார்த்ததில், தலைமுறையாகத் தேக்கு என்று எல்லோரும் நம்பி வந்த பீரோவின் முகப்புச் சட்டம் மட்டும்தான் தேக்கு என்று தெரிந்தது. பக்கமும் முதுகும் மாமரம். முதுகில் உளுப்பும் இருந்தது. பெஞ்சு முழுத் தேக்கு. ஊஞ்சல் பலகையோ யாரும் நினைக்காத ஈட்டி. மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். பீரோவின் உளுத்த முதுகை மாற்றிவிட்டுச் சந்தன நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். பெஞ்சையும் ஊஞ்சல் பலகையையும் பழைய பூச்சை எடுத்து வெளிர் பாலிஷ் போட்டார்கள். சுவருக்கு வெளிர் நிறம் அடித்து, மருமகள் உட்காருமிடத்தை ஜன்னல் பக்கம் மாற்றினார்கள். சாமான் யாருக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

எந்தச் சாமானையும் கைவைக்கும் முன் திறந்து பார்க்க வேண்டும், பொதுச் சொத்தாக இருந்தால் கேட்டுச் செய்ய வேண்டும் என்ற இரண்டும் இதிலிருந்து தெரிகின்றன. மருமகள் சொன்ன கண்வலியும் உண்மை, மூத்தவர் சொன்ன உரிமையும் உண்மை. யாரும் பொய் சொல்லாத வழக்கு இது. இத்தகைய வழக்கை விட்டுக்கொடுத்துத்தான் தீர்க்க முடியும்.

தாராளமாகப் பெயிண்ட் அடிக்கக் கூடியவை

எல்லா மரத்தையும் பூஜை அறையில் வைத்துக் கும்பிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கீழ்க்கண்டவற்றுக்குத் தயங்காமல் அடிக்கலாம்.

ஒன்று: ரப்பர் மரம், மா, வேம்பு போன்றவற்றில் சாயம் ஏற்றிய சாமான்கள். இவற்றின் ரேகையில் பெரிய அழகு இல்லை. பெயிண்ட் பூச்சு காற்றின் ஈரத்திலிருந்து காப்பாகவும் இருக்கும்.

இரண்டு: முன்பே பெயிண்ட் அடித்தவை. உரித்து மரத்தைக் காட்ட முயல்வதைவிட மறுபடி அடிப்பது மேல்.

மூன்று: வேறு வேறு மரத்துண்டுகளை வைத்துப் பழுது பார்த்தவை. பாலிஷ் போட்டால் ஒட்டுப் போட்ட இடமெல்லாம் தெரியும். பெயிண்ட் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும்.

நான்கு: மேல்தகடு பெயர்ந்து பட்டி வைத்து நிரப்பியவை.

ஐந்து: வேண்டாம் என்று பரணில் ஏற்றவோ விறகுக்குப் போடவோ இருந்தவை. விறகாகப் போவதைவிட வெள்ளை நிறத்தோடு கூடத்தில் உழைப்பது நல்லதுதானே.

ஆனால் உளுத்த மரத்தை மருந்து வைத்துச் சரிசெய்யாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே புழு தன் வேலையைத் தொடரும். பிறகு பக்கத்துச் சாமானுக்கும் பரவும்.

அடிப்பதென்று முடிவானால்

பதறாத காரியம் சிதறாது. முதலில் காலத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழைக் காற்றில் ஈரம் அதிகம். எனாமல் காய நாளாகும், ஸ்பிரிட் பாலிஷும் லாக்கரும் வெண்மை பூத்து மங்கிவிடும். ஆடியில் கடையில் வியாபாரம் மந்தம், நமக்கு ஓய்வு கிடைக்கும் என்றாலும், காற்றில் பறக்கும் தூசி ஈரப் பெயிண்ட்டில் ஒட்டிக்கொள்ளும். தை, மாசி, பங்குனியே ஏற்ற காலம்.

அடுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பிசுக்கை நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். முதலில் 120, பிறகு 220 எண் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். தூசியைத் துடைத்து, கறை தடுக்கும் பிரைமர், அதன் மேல் மெல்லியதாக இரண்டு கோட். ஒரு கோட் முழுதும் காயாமல் அடுத்ததை அடிக்கக் கூடாது. அடித்து முடித்துக் கைக்கு ஒட்டாமல் காய்ந்தாலும் உள்ளே இறுகச் சில வாரம் ஆகும். அதுவரை அதன் மேல் கனமான பொருள் வைக்காதீர்கள்.

பழைய பெயிண்ட்டைச் சுரண்டுகிற வேலையில் ஓர் எச்சரிக்கை. வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட்டில் ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக் கூடியது. ஆகவே பழைய பெயிண்ட்டை உலர்ந்த நிலையில் தேய்க்காமல் ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். கீழே விழும் துகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கடையோடு சேர்ந்த வீடு உள்ளவர்கள் அரிசி, பருப்பு மூட்டைகள் இருக்கும் பக்கம் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது.

பாலிஷ் போடுகிறவர்களுக்கும் ஒன்று. ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும். சணல் சாக்கும் அட்டைப் பெட்டியும் நிறைந்த நம் இடங்களில் இது விளையாட்டல்ல. அந்தத் துணிகளை விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும்.

பாலிஷை நிலைக்க வைக்க

பாலிஷ் என்று முடிவு செய்தவர்கள் அதைக் காப்பாற்றவும் வேண்டும். அரக்குப் பாலிஷுக்குச் சூடும் தண்ணீரும் ஆகாது. சூடான காப்பித் தம்ளரை நேரடியாக வைத்தால் வெள்ளை வளையம் விழும். கீழே ஒரு தட்டோ துணியோ வைக்கும் பழக்கம் வேண்டும். பண்டிகைக்குப் பண்டிகை வார்னிஷ் அடிப்பதை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஓரிரு முறை தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாகத் தேய்த்துத் துணியால் மெருகேற்றினால் போதும். தேங்காய் எண்ணெய் தடவுவது சில வீடுகளில் வழக்கம். அது காயாமல் பிசுக்காகத் தங்கி, தூசியைப் பிடித்துத் திரும்பவும் கறுப்பாக்கும்.

வீட்டில் பேசி முடிவெடுங்கள்

வணிகப் பெருமக்களே, கடையில் புதிய சரக்கு இறக்கும்போது மாதிரி பார்த்துத்தான் வாங்குகிறோம். இதிலும் அப்படியே செய்யலாம். பெரிய பெஞ்சில் கைவைக்கும் முன், முக்கியமில்லாத ஒரு முக்காலிக்கு நினைத்த நிறத்தை அடித்துக் கூடத்தில் ஒரு மாதம் போட்டு வையுங்கள். அதே மாதத்தில் ஒரு நாற்காலிக்கு வெளிர் பாலிஷ் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் எல்லோரும் பார்க்கட்டும். வாய்ச்சண்டை குறையும், கண் சாட்சி சொல்லும்.

கூடத்தில் அதிக நேரம் இருக்கப் போகிறவர்கள் பிள்ளைகளும் மருமகள்களும்தான். அவர்கள் சொல்லும் வசதிக் குறைவை நாகரிக மோகம் என்று தள்ளிவிடக் கூடாது. அதேபோல ஒரு சாமானின் மேல் பெரியவர்களுக்கு உள்ள பற்றை வெறும் பிடிவாதம் என்றும் சொல்லக் கூடாது. கடன் கேட்க வந்தவரையும் கடன் கொடுக்க வந்தவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து வளர்ந்த வியாபாரங்கள் நம்முடையவை.

சுருக்கமாகச் சொன்னால்: முழுத் தேக்கு, ஈட்டி ஆகியவற்றுக்குப் பாலிஷ். மற்றவற்றுக்கு விருப்பம்போல் பெயிண்ட். எதற்கும் முன் சுவர், ஜன்னல், விளக்கு. பொதுச் சாமானுக்குப் பங்காளிகளின் சம்மதம். பாலிஷ் போட்ட மரத்துக்குப் பிறகு பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். பெயிண்ட் அடித்த தேக்கைப் பழையபடி ஆக்குவது எளிதல்ல. சந்தேகம் இருந்தால் ஒரு பொங்கல் பொறுத்திருங்கள். அந்தப் பெஞ்சு அதற்குள் எங்கும் போய்விடாது.